நான் தைத்த பையும் ஜான்சி மகனின் பொன்னாடையும்

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் உமாமகேஸ்வரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை வடிவு. இங்கே நானும் அப்பாவும் அவளும் சுகமாக இருக்கிறோம். அங்கே இங்கிலாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் பொழுது விடிந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, முறுக்குப் பட்டறையில் இப்போது உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வடிவு ஒன்பதாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் ஜான்சிக்குக் கேட்டுவிடும். அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்கே தெரியும்போது என் பேச்சு அவளுக்குக் கேட்காமல் இருக்குமா. இப்போது அவள் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள், இந்த நேரத்தில் நீ அங்கே தூங்கிக்கொண்டிருப்பாய், அதனால்தான் வடிவை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடிதம் முழுக்க ஜான்சியைப் பற்றித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் துணி எடுக்க அவள் என்னையும் செம்பூருக்குக் கூட்டிப்போனாள். ஸ்டேஷன் பக்கம் மூன்று மாடித் துணிக்கடை. பிளாஸ்டிக் பையை நிறுத்தின பிறகு நான் இசக்கிராஜ் அண்ணாச்சியிடம் வெட்டின துணி வாங்கி வீட்டில் பை தைக்கிறேனே, அந்தப் பைகள் போவது இந்தக் கடைக்குத்தான். அதுவரை நான் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. பில் போடுகிற இடத்தில் என் பைகள் வரிசையாகத் தொங்கின, வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில் கடைப் பெயர். கைப்பிடியின் முனையில் நான் கட்டம் போட்டு நடுவில் குறுக்குத் தையல் இரண்டு ஓட்டுவேன், அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பில் போடுகிற பெண் இந்தியில், ஆன்ட்டி பை வேணுமா என்றுதான் கேட்டாள். ஜான்சி வாய் திறக்கும் முன்னே, ஏ ஜான்சி எடுத்துக்கோட்டி, இது என் கையால தச்சது, கல்லத் தூக்கிப் போட்டாலும் அறுவாது என்று நானே அவள் கையில் திணித்தேன். தைத்தவளே கூட நிற்கிறாள், இதற்குப் போய்க் காசு கேட்பார்களா என்று என் புத்திக்குப் பட்டது. இந்தத் தங்கமயில் யார் என்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் மகன் நகுல் பில்லைப் படித்தான். பை பதினைந்து ரூபாய் என்று கடைசி வரியில் இருந்தது. எனக்கு ஒரு பை தைக்க இரண்டு ரூபாய். நான் சிரித்துச் சமாளித்தேன், அவன் சிரிக்கவில்லை. விலையச் சொல்லாம எப்படிப் போடலாம், அவன் கடை விளம்பரத்த நாம ரோடு ரோடாத் தூக்கிட்டு அலையணும், அதுக்கு நாமளே காசும் குடுக்கணுமா என்று குதித்தான். மறுநாளே கடைக்குப் போய்க் கேட்டான், முடியாது என்று விரட்டிவிட்டார்கள். விடாமல் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்துவிட்டான். போன மாதம் ஒரு மராத்திப் பேப்பரில் அவன் படம் வந்தது. இரண்டு கையாலும் பையை விரித்துப் பிடித்திருக்கிறான், பக்கத்தில் ஜான்சி பட்டுச்சேலையில் நிற்கிறாள். குறுக்குத் தையல் பளிச்சென்று தெரிகிறது. பை என்னுடையது, எடுக்கச் சொன்ன வாய் என்னுடையது, என் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அடுத்த ஞாயிறு நம் தமிழ்ச் சங்கத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கை தட்டினேன். ஆனால் உமா, எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. பொறாமை என்றே எழுதட்டுமா என்று வடிவு கேட்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அங்கேயாவது ஜான்சி சும்மா இருந்திருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால், மயிலக்கா, உமா இன்னும் கடையிலதான் நிக்காளா என்று கேட்டாள். காலேஜில் மேல்படிப்பு படிக்கிறாள், சாயங்காலம் மட்டும் ஒரு பெரிய கடையில் பில் போடுகிறாள் என்றேன். அங்க பையெல்லாம் சும்மா குடுப்பாவளா இல்ல அங்கயும் காசுதானா என்று கேட்டு அவளே சிரித்தாள், கூட நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்பா கடையில் பாவ் ரொட்டி வாங்கி வந்து, ஒரு துணித் துண்டுக்கா இந்தப் பாடு படுத என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்.

இப்படி இருக்கும்போது இசக்கிராஜ் அண்ணாச்சி வந்தார். கேஸ் வந்ததிலிருந்து கடைக்காரர்கள் துணிப்பை ஆர்டரை நிறுத்திவிட்டார்கள், என் மிஷின் மூன்று வாரமாகச் சும்மா கிடக்கிறது. அவர் ஒரு காகிதத்தை நீட்டி, தங்கமயிலு, நீ கூட இருந்தவ, விலையச் சொல்லித்தான் குடுத்தாவன்னு இதுல ஒரு கையெழுத்து, எழுத வரலேன்னா பெருவிரல வையி, அடுத்த வாரமே ரெண்டாயிரம் பைக்குத் துணி எறக்குதேன் என்றார். அந்தப் பெண் விலை சொல்லவில்லை உமா. சொல்லியிருந்தால் நானே ஜான்சியை எடுக்க விட்டிருக்க மாட்டேன். அது தெரிந்தும் காகிதத்தை வாங்கி மிஷினுக்கு அடியில் வைத்தேன். ஆர்டருக்காக மட்டும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் விரலை வைத்தால் நகுல் கேஸ் என்ன ஆகும், சங்கத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள், ஜான்சி முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. மூன்று நாள் அந்த இனிப்பிலேயே இருந்தேன்.

மூன்றாம் நாள் வடிவைக் கூப்பிட்டு, அதில் என்னதான் இருக்கிறது படி என்றேன். எல்லாம் இங்கிலீஷ். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஜான்சியே பை கேட்டாளாம், விலையைச் சொன்னார்களாம், அவள் சம்மதித்தாளாம், உடன் வந்த ஒரு பெண்மணி இதைப் பார்த்தாராம். அந்தப் பெண்மணி யாருட்டி என்றேன். நீதாம்மா என்றாள். பேர் இல்லையா என்றேன், அடியில விரல் வைக்கிற எடத்துல மட்டும் இருக்கு என்றாள். பை யார் தச்சதுன்னு இருக்கா என்றேன். இல்லை. நாலு வருஷமாக அந்தக் கடைக்குத் தைத்துக்கொடுத்திருக்கிறேன், அவன் காகிதத்தில் நான் ஒரு பெண்மணி. அந்த மராத்திப் பேப்பரில் என் பெயர் இல்லாததற்கு இது குறைச்சலா. எனக்கு வந்த கோபத்தில் ஜான்சி மேல் இருந்தது கொஞ்சம் ஒதுங்கி நின்றது. போகவில்லை, ஒதுங்கித்தான் நின்றது.

அன்றைக்கே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். உன் இஷ்டம், நாளைக்கு வேலை கேட்டு வராத என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேரே ஜான்சி வீட்டுக்கு வந்து, ஏம்ல நகுலு, உனக்குச் சாட்சி வேணுமா வேண்டாமா என்று கேட்டேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். உங்ககிட்ட கேக்கணும்னுதான் பெரியம்மா இருந்தேன், கேட்டா உங்க தையல் வேலை போயிருமேன்னு அம்மாதான் கேக்கக் கூடாதுன்னுட்டா என்றான். ஜான்சி என் முகத்தைப் பார்க்காமல் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அவள் இன்னும் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் சொல்ல வடிவு எழுதினாள், நகுல் அதை மராத்தியில் ஆக்கினான். முதல் வரியே, தங்கமயில் சுயம்பு ஆகிய நான் மேற்படி பையைத் தைத்தவள் என்று. அதை மட்டும் மூன்று தரம் படிக்கச் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை ஆணையத்தில் கொடுக்கிறோம், நானும் ஜான்சியும் நகுலும் ஒரே டாக்ஸியில் போகிறோம். நான் தைத்தது, அதனால் சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன் என்று அதில் இருக்கிறது. அங்கே யாராவது சத்தமாகப் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அண்ணாச்சி வேலை போனது போனதுதான். மாட்டுங்காவில் ஒரு பூஜைச் சாமான் கடையில் சின்னப் பைகள் கேட்கிறார்கள், போய்ப் பார்க்கப் போகிறேன். அதற்காக நீ அதிகமாகப் பணம் அனுப்பாதே, உன் சாப்பாட்டைக் குறைக்காதே. உன் கடையில் பை கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் விலையைச் சொல், பிறகு பையைத் தொடு, வயசான பெண்கள் வந்தால் இரண்டு தரம் சொல். படிப்பு நல்லபடி முடிந்து நீ நல்ல வேலையில் அமர அம்மாவின் ஆசீர்வாதம், அப்பாவின் ஆசீர்வாதம். குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டு, மறந்துவிடாதே.

இன்னொன்று. சாட்சிக் காகிதத்தில் பெருவிரல் வைக்கச் சொல்லி நகுல் மைப் பெட்டியை நீட்டினான். ஜான்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் விரல் வைப்பதா. இரண்டு நாள் பொறு என்று சொல்லிவிட்டு வடிவிடம் என் பெயரைப் படித்தேன், ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினேன். இந்தக் கடிதத்தின் கீழே இருக்கிற பெயர் நானே எழுதியது, வடிவு என் கையைத் தொடவில்லை. ஜான்சியும் கையெழுத்துப் போடுவாள், ஆனால் அவளுடையது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் கிடக்கும்.

இப்படிக்கு உன் அம்மா,
தங்கமயில்