தாயி தாண்ட வேண்டிய வேலி

முருகன் துணை

கிள்ளான் தோட்டம்,
1932, தை மாதம்.

அன்பு மனைவி வீரம்மாவுக்கும் மகள் லெட்சுமிக்கும் கன்னையா எழுதுவது. இங்கே நான் இரண்டு காலிலும் துரை வீட்டுக் குதிரை நான்கு காலிலும் சுகமாக நின்றுகொண்டிருக்கிறோம். அங்கே உன் சுகமும், பிள்ளையின் சுகமும், பழனியப்ப மச்சானின் மீசையின் சுகமும் அறிய ஆசை.

மச்சான், கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்துவிட வேண்டாம். உங்கள் தங்கைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. உங்கள் வீட்டில் உங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, உங்கள் வாயால் என் கடிதத்தைக் கேட்கவேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருக்கிறது. என் எழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை உள்ளே உட்கார வைத்ததைவிட வெளியே முட்டி போட வைத்ததுதான் அதிகம். பிழை இருந்தால் திருத்தி வாசிக்கவும். சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரிக்கவும்.

வீரம்மா, நீங்கள் கப்பல் ஏறிய பிறகு நம் லயத்து வீடுகளில் ஆட்கள் இன்னும் குறைந்துவிட்டார்கள். ரப்பர் விலை விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கவில்லை. மாரியாயி அக்கா குடும்பமும் போன வாரம், வேலை இல்லாதவர்களை ஏற்றி அனுப்புகிற சர்க்கார் கப்பலில் ஊருக்குப் போய்விட்டது. போகும்போது தன் அம்மிக்கல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அரைக்க ஆள் இல்லாத வீட்டில் இப்போது இரண்டு அம்மி. துணைக்குப் பல்லிகள் இருக்கின்றன. அவை உன்னைப் போல என்னைத் திட்டுவதில்லை, அதனால் பொழுது போகவில்லை.

இனி முக்கியமான சங்கதி. துரை என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டார். அவருடைய தோட்டத் தமிழில், "கன்னையா, குதிரை நிறைய தின்னுது, வேலை ஒண்ணும் செய்யலே. நீயும் அப்படித்தான்" என்றார். நான் குதிரை அளவுக்குத் தின்பதில்லை துரை என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, குதிரையை விற்கப்போவதாகவும், அதற்குப் பிறகு எனக்குத் தோட்டத்தில் இடம் இல்லை என்றும் சொன்னார். உள்ளே இருந்து துரைசானி அம்மாள் வந்தார்கள். கோலாலம்பூரில் ஒரு பெரிய துரை இருக்கிறாராம். வீட்டில் நல்ல குதிரைகள் வைத்திருப்பவர். மாசி மாதம் அங்கே நடக்கிற குதிரைக் காட்சியில் நம் குதிரை வேலிகளைத் தாண்டிக் காட்டினால், குதிரையையும் அதைப் பார்க்கிற ஆளையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதாக அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறாராம். ஆளுக்கு வீடும் உண்டு. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம்.

இதை மச்சான் இரண்டாம் முறை வாசித்துக் காட்டட்டும். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம்.

ஆனால் குதிரையைப் பற்றி உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் துரைசானியை முதுகில் வைத்துக்கொண்டு பலகைப் பாலம் உடைந்து வாய்க்காலில் விழுந்ததே, அன்றிலிருந்து குறுக்கே ஒரு குச்சி கிடந்தாலும் நின்று நடுங்குகிறது. அம்மாளும் அப்படித்தான். விழுந்ததில் இருவருக்கும் எலும்பு முறியவில்லை, தைரியம்தான் முறிந்தது. இந்தப் பக்கம் ஒரு பயந்தாங்கொள்ளி, அந்தப் பக்கம் ஒரு பயந்தாங்கொள்ளி, நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். என் பயத்தை யாரிடம் சொல்வது?

தரையில் ஒரு மூங்கிலைப் போட்டு, அதன் மேல் நடத்திப் பழக்குகிறோம். குதிரையின் பெயர் ஏதோ வெள்ளைக்காரப் பெயர், என் வாயில் நுழையாது. நான் தாயி என்றுதான் கூப்பிடுகிறேன். "தாண்டு தாயி, ஒண்ணுமில்லே தாயி" என்று முன்னால் நடந்தால் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு வருகிறது. துரைசானியும் மேலே உட்கார்ந்துகொண்டு அதையே சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாள் பேசுகிற தமிழில் நான் நீ, கங்காணி நீ, துரையும் நீ. குதிரைக்கு மட்டும் மரியாதை. "தாண்டுங்க தாயி, பயம் வேணாங்க" என்கிறார்கள். குதிரையும் கௌரவமாகக் காலைத் தூக்கி வைக்கிறது.

லெட்சுமிக்கு என் முத்தம். மச்சான் கூச்சப்படாமல் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
கன்னையா


முருகன் துணை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், நாகையாவின் வண்டிக் கொட்டகை,
மாசி மாதம், காட்சிக்கு முந்தின நாள்.

அன்பு வீரம்மாவுக்கு,

நீ மச்சான் கையால் எழுதச் சொன்ன கடிதம் கிடைத்தது. பிள்ளை நன்றாக ஓடுகிறாள், பேசுகிறாள் என்று அறிந்து சந்தோஷம். மச்சான் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். மச்சானே எழுதிய கடிதத்தில் வேறு எப்படி எழுதமுடியும்? சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான். உங்களுக்கும் நான்கு பிள்ளைகள், இரண்டு மா நிலம். அது எனக்குத் தெரியாதா?

தாயியை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கிள்ளானில் ஏற்றும்போது பலகையைப் பார்த்துவிட்டு அசையவில்லை. நானும் துரைசானியும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கெஞ்சினோம். ஸ்டேஷன் போர்ட்டர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மாளுக்கு வெட்கமே இல்லை, "ஏறுங்க தாயி, ஏறுங்க" என்று கோவிலில் பாடுவதுபோலப் பாடி ஏற்றிவிட்டார்கள்.

இங்கே மாட்டு வண்டி ஓட்டுகிற நம் நாகையாவின் கொட்டகையில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே கட்டியிருக்கிறேன். பகலெல்லாம் ரயில் எஞ்சின் ஊதுகிறது. ஒவ்வொரு ஊதலுக்கும் தாயிக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நான் கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறேன். நாகையாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, அண்ணிய இப்படி ஒருநாள் தடவிக் குடுத்திருந்தா கப்பல் ஏறியிருக்கவே மாட்டாங்க லா" என்கிறான். நீ கப்பல் ஏறியது அதற்காக இல்லை என்று அவனுக்கும் தெரியும். சிரித்துவிட்டேன்.

தாயி இப்போது இடுப்பு உயர வேலியைத் தாண்டுகிறது, வீரம்மா. மூங்கிலில் தொடங்கி, செங்கல் வைத்து உயர்த்தி, பிறகு மண்ணெண்ணெய்த் தகரம் வைத்து உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக வந்தோம். அம்மாள் "தாண்டுங்க தாயி" என்று சொன்னவுடன் நடுக்கம் போய்விடுகிறது. முதல்முறை தாண்டியபோது அந்த அம்மாள் இறங்கி வந்து குதிரையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழவில்லை. கண்ணில் தவிடு பட்டது.

நாளைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கயிற்றுக்கு வெளியே நிற்கிற ஆள் குதிரைக்குக் குரல் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் குதிரையை நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். என் வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். அம்மாளிடம், நீங்கள்தான் சொல்லவேண்டும், மறக்கக்கூடாது என்றேன். "நீ பைத்தியமா? நான் மறப்பேனா?" என்று சிரித்தார்கள்.

இன்று கடைப்பக்கம் போகிற சாக்கில் அந்தப் பெரிய துரையின் லாயத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பின்னால் ஆளுக்கு ஒரு வீடு. கூரை தகரம், ஆனால் ஒழுகாது. வாசலிலேயே தண்ணீர்க் குழாய். நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று சண்டை போட வழி இல்லை. யாரோடு சண்டை போடுவாய் என்று யோசித்தேன். நான் இருக்கிறேன்.

ஊரில் யாரிடமும் இன்னும் சொல்லவேண்டாம். பெட்டியை மட்டும் ஒரு தரம் தட்டி வெயிலில் வை.

உன்,
கன்னையா


முருகன் துணை

கிள்ளான் தோட்டம்,
பங்குனி மாதம்.

அன்பு வீரம்மாவுக்கும், பிள்ளைக்கும், மரியாதைக்குரிய பழனியப்ப மச்சான் அவர்களுக்கும் கன்னையா வணக்கத்தோடு எழுதுவது.

எழுதத் தாமதமாகிவிட்டது. பேனாவை எடுத்தால் எழுத ஒன்றும் வரவில்லை. எனக்கே சொல்லத் தெரியாமல் போனது என்றால் நீ நம்பமாட்டாய்.

தாயி தாண்டவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். திடல் நிறைய வெள்ளைக்காரர்கள். பெண்கள் எல்லாம் முறம் போலத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நாற்காலியில். ஒவ்வொரு குதிரையும் உள்ளே வரும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் அவர்கள் வழக்கமாம். கோவிலில் சூடம் காட்டும்போதுகூட இவ்வளவு அமைதி இருக்காது. நம் முறை வந்தது. தாயி நன்றாகத்தான் வந்தது, கழுத்தை வளைத்து, கல்யாணப் பெண் மாதிரி. முதல் வேலிக்கு நேராகத் திரும்பியது. அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, வீரம்மா. நான் பார்த்தேன். வேலிக்கு நாலடி முன்னால் தாயி நின்றது. அம்மாள் நாக்கைத் தட்டினார்கள், குனிந்து இங்கிலீசில் ஏதோ சொன்னார்கள். அது தாயிக்குப் புரியவில்லை. அதற்கு இங்கிலீசு யார் சொல்லிக்கொடுத்தது? நானா? அம்மாள் தலையைத் தூக்கி அந்தத் தொப்பிகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முகம் சிவந்துபோயிருந்தது. கூலி ஆட்களின் பாஷையை அத்தனை பேர் முன்னால் ஒரு குதிரையிடம் பேச அவர்களால் முடியவில்லை. தோட்டத்தில் முடிந்தது, கிள்ளான் ஸ்டேஷனில் முடிந்தது. அங்கே பார்த்தது நம் ஆட்கள்தானே. நம் முன்னால் அவர்களுக்கு வெட்கம் இல்லை. இது எனக்கு முன்கூட்டியே தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. பழக்கும்போது எனக்குத் தெரிந்த பாஷையில் பழக்கினேன்.

இரண்டாம் முறையும் நின்றது. தாயியின் காது இரண்டும் என் பக்கம் திரும்பிவிட்டன. என்னைத் தேடுகிறது. கூப்பிட்டால் தாண்டிவிடும். ஆனால் நான் கூப்பிட்டால் அத்தோடு வெளியே. கூப்பிடாவிட்டாலும் வெளியே. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் தாயி வேலியைப் பார்க்காது என்று பக்கத்தில் நின்ற சீக்கிய போலீஸ்காரருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் நல்ல அகலம். அவர் என்னைத் திருடன் என்று நினைத்துத் தள்ளினார்.

மூன்றாம் முறை அம்மாளின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்று தரம் நின்றால் வெளியே என்று மணி அடித்துவிட்டார்கள்.

பெரிய துரை வந்து தாயியின் கழுத்தில் தட்டினார், ஏதோ தன்மையாகச் சொன்னார், போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை.

பிறகு அம்மாள் கொட்டகைக்குத் தனியாக வந்தார்கள். "கன்னையா, நான் ஏன் பேசலே? ஏன் பேசலே, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பரவாயில்லை அம்மா என்றேன். பரவாயில்லை என்று சொல்வதற்கும் நான்தான் இருக்கிறேன். அவர்களும் சித்திரையில் சீமைக்குப் போகிறார்கள். துரைக்கும் வேலை போய்விட்டது. எல்லோரையும் ஊருக்கு அனுப்பிக் கணக்கு முடித்தவரை, கடைசியில் அவர் ஊருக்கே அனுப்புகிறார்கள்.

தாயியை பிரிக்பீல்ட்ஸில் செங்கல் வண்டி வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி வாங்கிக்கொண்டார், தவ்கே என்பார்கள். நல்ல மனிதர் போலத்தான் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் அரைகுறை மலாயில் பேசிக்கொண்டோம். பயந்தால் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "ஒண்ணுமில்லே தாயி" என்று அவர் சொன்னது எனக்கே புரியவில்லை. ஆனாலும் தாயி காதைத் திருப்பியது. செங்கல் வண்டியில் தாண்டுவதற்கு ஒன்றும் இல்லை. அது ஒரு நிம்மதி. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நாகையா கூடவே வந்தான், ஒரு கிண்டலும் செய்யவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சித்திரை பிறந்ததும் ஏற்றிவிடுவார்கள், நாகப்பட்டினத்தில் இறக்குவார்கள். கொண்டுவருவதற்கு ஒன்றும் இல்லை. அம்மிக்கல் வேண்டும் என்றால் கொண்டுவருகிறேன், இரண்டு இருக்கிறது.

மச்சான், இதை நீங்கள்தான் வாசிக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு வாய் கூட. இப்போது மூன்றாவதும் வருகிறது, அதுவும் ஓயாமல் பேசுகிற வாய். எந்த வேலை இருந்தாலும் செய்கிறேன். மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலை போதும், அந்த வாசம் எனக்குப் பழக்கம்தான். உங்கள் மீசையைப் பற்றி இதுவரை எழுதியதை எல்லாம் மறந்துவிடவும்.

வீரம்மா, நீ துறைமுகத்துக்கு வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூரம், வெயில். வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. நீங்கள் கப்பல் ஏறியபோது அவளுக்குப் பல்கூட முழுதாக முளைக்கவில்லை. என் முகம் அவளுக்கு நினைவிருக்காது. கப்பலிலிருந்து இறங்குகிற கூட்டம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், தாடியும் மூட்டையுமாக. அவள் பயந்து உன் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டால், இதுதான் உன் அப்பா, அவரிடம் போ என்று நீ அவளிடம் சொல். நாலு பேர் பார்க்கிறார்களே என்று பேசாமல் நின்றுவிடாதே. கொஞ்சம் சத்தமாகவே சொல்.

உங்கள் எல்லோரையும் முருகன் காக்கட்டும்.

உன்,
கன்னையா