குழாய்க்குச் சுற்றிய ஈரச் சாக்கு

பென்னலூர்,
17-5-1986

அன்பும் மரியாதையும் உள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மழுப்பாமல் எழுதுங்கள்.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் உலைக்கு நைட்ரஜனுடன் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து போகிறது. காதுக்குக் கேட்காத ஒலியைக் குழாய்க்குள் செலுத்தி அந்தக் கலவையை அளக்கும் கருவி என் பொறுப்பு. ஹைட்ரஜன் கூடினால் ஒலி விரைவாகப் போகும், குறைந்தால் மெதுவாகப் போகும். நேற்று மத்தியானம் திடீரென்று குறைவு என்று காட்டியது.

"மீட்டரே சொல்லுது, இன்னாத்துக்கு நிக்கிறே? வால்வைத் தொற, கன்னியப்பா!" என்று வால்வருகே நின்ற தொழிலாளியை விரட்டினார் ஃபோர்மன் பலராமன்.

"நான் குழாயைப் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது" என்றேன்.

வெளியே போனால், வெயிலில் ஓடும் குழாயைச் சுற்றிச் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கு. பக்கத்தில் பெருக்குகிற முனியம்மாள் குடத்துடன் நிற்கிறாள்.

"பாவம்மா அது, வெயில்ல கொதிக்கிது. அதான் நனைச்சி சுத்திகினு கீறேன்."

குளிர்ந்த வாயுவிலும் ஒலி மெதுவாகத்தான் போகும்; ஹைட்ரஜன் குறையவே இல்லை. வால்வைத் திறந்திருந்தால் ஹைட்ரஜன் மிகுந்து பெரிய தீயாகியிருக்கும். திறக்கவில்லை, ஆகவே கவலைப்படாதீர்கள். இன்று பலராமன் முதல்முறையாக எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

என் கணவர் காலமான பிறகு, அறுபது வயதில் நீ தனியாக அங்கே எதற்கு, ஜூனில் வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குழாயை இவர்களிடம் விட்டுவிட்டு வர இயலாது. இன்னும் ஒரு வருஷம் இருப்பேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காப்பிப்பொடியும், நீங்கள் போர்த்துகிற நீலச் சேலையும் கொடுத்தனுப்புங்கள். சேலையைத் துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
பிலோமினா