முந்தானைக்குள் ஒரு ழகரம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் நேராகத்தான் கிளம்புகின்றன. பாதி தூரம் போனதும் பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போலச் சரிந்துவிடுகின்றன. ஒரு பக்கம் முடிக்க வெகு நேரம் ஆகிறது. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று நடுவில் எழுந்து போய்ப் பாடப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். மடலின் தலையில் ஒரு சொல்லை எழுதி அடித்து வைத்திருக்கிறேன். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். காலமெல்லாம் ரேகை வைத்த அதே கைதான்.

பக்கத்தில் ஒரு கருப்புத் தாள் கிடக்கிறது. என் உள்ளங்கை அகலம் இருக்கும். இப்போதுதான் காய்ந்தது. எடுத்து முகர்ந்தால் மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த வாசனை அடிக்கிறது. முப்பது வருடம் உன் விரல்களை விட்டுப் போகாத வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் அடியில் அது இருக்கும். இந்தத் தாள் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. வீட்டில் நானும் நம் மகள் செல்வியும்தான். அவள் காலையில் சிவகாசி பிரஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருகிறாள். காலண்டர் சீசன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். டீக்கடைக்காரன் சங்கிலி விட்டுவைப்பானா?

“ஏலே அளகரு, இனிமே படிச்சுக் கலெக்டராகப் போறியாக்கும்?”

“ஆயிட்டா மொதக் கையெழுத்து உன்னக் கடைய விட்டுத் தூக்குறதுக்குத்தாம்லே” என்றேன். மறுநாள் அவனே ஒரு பென்சில் வாங்கி வந்து கொடுத்தான்.

முதல் மாதம் என் பெயரை எழுதச் சொன்னார் டீச்சர். நம் செல்வி வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் காதில் கேட்டபடி ‘அளகர்’ என்று எழுதிக் காட்டினேன். நடு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்.

“ஐயா, இங்க ‘ழ’ வரணும்.”

“எழுபது வருசமா ஊரே தப்பாவா கூப்பிட்டுச்சு டீச்சர்?”

“கூப்பிடுறவுக கூப்பிடட்டும். நீங்க நாக்க மடிச்சு மேல கொண்டுபோய்ச் சொல்லுங்க பாப்போம்.”

எனக்கு நாக்கு மடிய ஒரு வாரம் ஆயிற்று. மாடு அசைபோடுவதுபோல் வீட்டுக்குள் ழ, ழ என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பிறகு ஒரு நாள் பரணில் என் பழைய தூக்குச் சட்டியை எடுத்தேன். கம்பெனியில் மற்றவர்களின் சட்டியோடு மாறிவிடக் கூடாது என்று அதன் மூடியில் நீ ஆணியால் என் பெயரைக் கீறிக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? அந்தக் கீறலின் சாயலைப் பார்த்துத்தான் அத்தனை வருடமும் என் சோற்றை அடையாளம் கண்டேன். அது எழுத்து என்று தெரியும். படிக்கத் தெரியாது. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அழகர். ‘ழ’ சரியாக இருந்தது. டீச்சர் வட்டம் போட்டுக் கேட்ட எழுத்தை நீ எப்போதோ போட்டு வைத்திருக்கிறாய்.

ஆனால் நீ ஒரு நாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன் அம்மா காதில் போட்டு அனுப்பியிருந்தார். கல்யாணமான புதிதில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனோமே. ராட்டினத்துப் பக்கம் கூட்டத்தில் கை விட்டுப்போனது. நின்ற இடத்திலிருந்தே “ஏங்க! ஏங்க!” என்று கத்தினாய். இருபது ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் திரும்பவில்லை. சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன்.

“அம்புட்டுப் பேரும் திரும்புறாக, உங்களுக்கு மட்டும் காது அடைச்சிருக்கா?” என்று மூச்சு வாங்க வந்து நின்றாய்.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“உங்களத் தொலச்சாலும் தொலைப்பேன். அத மட்டும் செய்ய மாட்டேன்.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வீட்டுக்காரர் பெயர் கேட்டால், பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக் காட்டுவாய். எட்டாவது வரை படித்தவள் நீ. நீ வாயால் சொல்லவில்லை; கையால் எழுதியதை என்னால் படிக்க முடியவில்லை. ஊரில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன்னிடமிருந்து மட்டும் அது என்னிடம் வந்து சேரவேயில்லை. அப்போது இதெல்லாம் எனக்குத் தோன்றியதில்லை. எழுத்து வந்த பிறகுதான் தோன்றுகிறது.

இப்போது கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். வீட்டிலும் காலண்டர் பக்கம் வடிவமைப்பதற்காகச் செல்வி வாங்கினாளே, அதுதான். போன மாதம் அதில் பழையதை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். புது மைக் வாங்கிய அன்று, அது வேலை செய்கிறதா என்று பார்க்க, உன்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பதிந்திருக்கிறாள். அவளே மறந்துபோன பதிவு. அதற்கு ‘அம்மா’ என்று தமிழில் பெயர் மாற்றி வைத்து, “எப்ப வேணாலும் நீயே கேட்டுக்கப்பா” என்று மவுஸை எப்படி அமுக்குவது என்று காட்டினாள். பாடப் புத்தகத்தின் முதல் பக்கச் சொல். எனக்கு வாசிக்க வந்தது.

கேட்டேன். செல்வி மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் கேள்விகள் ஏதோ விளங்கின. உன் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. “வீட்டுக்காரர் பேரு?” என்று செல்வி கேட்பது தெரிந்தது. அதற்குப் பிறகு ‘ம்ம்ப்’ என்று ஏதோ ஒன்று. அப்புறம் சிரிப்பு.

“கடைசில அம்மா என்னமோ சொல்லுதே தாயி?” என்று செல்வியிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலப்பா. சிரிச்சே மழுப்பிருச்சு.”

“சத்தமே சரியில்லையே.”

“கம்பெனில சாம்பிள் வெடி கொளுத்திக் கொளுத்தி உன் காதுதாம்ப்பா போயிருச்சு. சீசன் முடியட்டும், பாக்கேன்.”

காது மந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீசன் முடிய இன்னும் எத்தனை நாள்! உங்கம்மா என் பெயரைச் சொன்னாளா என்று பெற்ற மகளிடம் எந்த வாயால் கேட்பேன்? நீ சொன்னாயா, இல்லையா. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் சத்தத்தைக் கூட்டினேன். உன் குரல் பெரிதாகவில்லை, கிழிந்தது. காலண்டர் தாளை நடுவில் கிழிப்பதுபோல் கரகரவென்று வந்தது. பயந்துபோய்க் குறைத்தேன். சத்தம் சன்னமாக இருப்பது வேறு, அடைத்துக்கொண்டிருப்பது வேறு என்று அன்று புரிந்தது. சங்கிலியிடம் சொன்னதற்கு, “எங்க வீட்டு ரேடியோவுக்குத் தலைல ஒரு தட்டுத்தாம்லே வைத்தியம்” என்றான். தட்டினேன். திரை அணைந்து, திரும்பி வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். எனக்காகச் செல்வி கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற புனல் படம் இருந்த இடத்தில் அமுக்கினால் வரிசையாகச் சொற்கள் வந்தன. ‘ஒலி’ என்பது சட்டென்று வந்தது. இன்னொரு சொல்லுக்கு வெகு நேரம் ஆயிற்று. மே, ம், பா, டு. மேம்பாடு. டீச்சர் சொல்லிக்கொடுத்த சொல், நல்ல சொல். அதனால் அங்கே இருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் போட்டுவிட்டேன். நீ கிணற்றுக்குள் இறங்கிவிட்டாய்! அதுவரை பானை, இப்போது கிணறு. நல்ல சொல்லை எல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தேன். நீ படியேறி மேலே வந்தாய். பழையபடி பானைக்குள் வந்து நின்றதற்கே எனக்குப் பெருமையாக இருந்தது. படித்துச் செய்த முதல் வேலை அல்லவா?

மேலே செய்ய ஒன்றும் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல், ஸ்பீக்கர் பெட்டியையாவது துடைப்போம் என்று ஈரத்துணியை எடுத்தேன். துடைத்தேன். பெட்டியின் முகம் உப்பியது. இரும்பு வலை எங்கேயாவது ஈரத்தில் உப்புமா? குனிந்து பார்க்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பசை வாசனை.

நீதான். கருப்புப் பெட்டிக்குக் கருப்புத் தாள் தேடி எடுத்து, ஓரம் பிசிறாமல் வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருக்கிறாய். செல்விக்கே அது தாள் என்று தெரியவில்லை. முப்பது வருடம் வெடிக் குழாய்களின் வாயை அடைத்த கை. எதையும் வாய் திறந்தபடி விட்டுவைக்க அந்தக் கைக்குத் தெரியாது. கடிகாரத்தின் சாவித் துளையை அடைத்தாய். மிக்ஸியின் அடியில் காற்றுப் போகிற துளைகளை அடைத்து, அது புகைந்தது. “அம்மா, இது புஸ்வாணம் இல்ல, மிக்ஸி. மூச்சு விடணும்” என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “தூசி போனா மட்டும் மூச்சு விடுமாக்கும்?” என்று நீயும் விடவில்லை. அதே கோபத்தில்தான் ஸ்பீக்கரையும் அடைத்தாயோ என்னவோ.

தாளை உரிக்க மனம் வரவில்லை. உன் கை கடைசியாக ஒட்டிய ஒட்டாகக்கூட இருக்கலாம். நகத்தை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். உன் கைவேலை வேண்டுமா, உன் குரல் வேண்டுமா? ஓரத்தை இன்னும் கொஞ்சம் நனைத்து, குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல் மெல்ல எடுத்தேன். கிழியவில்லை. ஜன்னலில் காயப் போட்டேன். பிறகு ‘அம்மா’வை அமுக்கினேன்.

பானை உடைந்தது. நீ அறைக்குள் வந்தாய்.

“எந்த ஊரும்மா?”

“திருத்தங்கல்னு போடு.”

“என்ன வேலை பாத்தீக?”

“கொளாய் அடைச்சேன். நீ பொறக்குறதுக்கு மொத நாளு வரைக்கும் அடைச்சேன். உனக்குத் தெரியாதாக்கும்?”

“வீட்டுக்காரர் பேரு?”

“அதான் ரேசன் கார்டுல இருக்கே.”

“மைக்குக்குக் கார்டு படிக்கத் தெரியாதும்மா. சொல்லு.”

“அவுக இங்கனதான் இருக்காகளா?”

“டீக்கடைக்குப் போயிருக்காக.”

“நெசமா?”

பிறகு துணி உரசும் சத்தம். அதன்பின் அந்தச் சொல். அது மட்டும் இன்னமும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி, அது மட்டும் மங்கல். பெட்டியில் தாள் இல்லை, மேம்பாடும் இல்லை. மறுபடி கேட்டேன். துணிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது விளங்கியது. முந்தானை! குழாயின் வாயை அடைத்தாய், ஸ்பீக்கரின் வாயை அடைத்தாய், கடைசியில் உன் வாயையும் பொத்திக்கொண்டு சொல்லியிருக்கிறாய்.

ஒன்பது தடவை கேட்டேன். என் மந்தக் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். முதலில் வாய் திறக்கும் ‘அ’. கடைசியில் ‘கர்’. நடுவில் ஒரு நொடித் தயக்கம். அந்தத் தயக்கம் எதற்கு என்று போன வருடமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அது நாக்கு மடிந்து மேலே போகிற நேரம். ஊரே ‘ள’ என்று கூப்பிட்டது. நீயும் குழாயைக்கூடக் ‘கொளாய்’ என்றுதான் சொல்கிறாய். என் பெயருக்கு மட்டும் ‘ழ’ சொல்லியிருக்கிறாய், துணிக்குள்ளிருந்து.

முதல் தடவை சொல்கிறவளுக்கு அது அத்தனை சுத்தமாக வராது. எனக்கே ஒரு வாரம் ஆயிற்றே. அப்படியானால் நான் இல்லாதபோது, அடுப்படியிலோ கொல்லையிலோ, நீ சொல்லிப் பார்த்திருக்கிறாய். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அழுதேன் என்று நினைக்காதே. சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன்.

பொழுது சாய்ந்து வந்த செல்வி, பெட்டியையும் தாளையும் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளும் கேட்டாள்.

“அந்த ஒரு சொல்லு மட்டும் மங்கலா இருக்குப்பா. எங்க பிரஸ்ல ஒருத்தரு இதெல்லாம் சரி பண்ணுவாரு. தெளிவாக்கித் தாரேன்.”

“வேண்டாம் தாயி. அது பழுது இல்ல.”

“பின்ன?”

“முந்தானை.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ‘அம்மா’வை மறுபடி அமுக்கினாள்.

நீ பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. நீ என் பெயரைச் சொல்லியும் நான் இருக்கிறேன். ஆயுசு குறையாமல், பென்சில் பிடித்துக்கொண்டு. நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே உன்னைத் தினமும் வம்புக்கு இழுத்திருப்பேன். தாளைத் தூக்குச் சட்டிக்குள் மடிக்காமல் வைக்கப் போகிறேன். ஸ்பீக்கர் இனி வாய் திறந்தபடிதான் இருக்கும். தூசியை நான் துடைத்துக்கொள்கிறேன்.

மேலே அடித்து வைத்திருக்கும் சொல் உன் பெயர். நாற்பத்தைந்து வருடம் ‘இந்தா’ என்றே கூப்பிட்டுவிட்டேன். இன்று எழுதிப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தேன். உனக்கு இருந்த முந்தானை எனக்கு இல்லை, எனக்குப் பென்சில்தான். இந்த வாரம் முழுக்க யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதிப் பழகுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும் உனக்கு இன்னொரு மடல் எழுத உட்காருவேன். அந்த மடலின் முதல் சொல்லில் அடித்தல் இருக்காது.