பதினோரு பேர் நின்ற நாள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, மாடிப்படியில் குட்டி போட்டிருக்கும் பூனை உட்பட எல்லோரும் சுகம், அங்கே உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மருந்தால் இல்லை, மருந்தின் கசப்புக்குப் பயந்து. அக்கா போன வாரம் வந்து பீரோவை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கலைத்துவிட்டுப் போனாள். போனில் நீ அவசரமாக வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பெரிய சேதி, நிதானமாகப் படி.

துணிக்கடையில் எங்களை உட்கார விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். காலையில் மாடியில் போர்வைப் பிரிவில் போய் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும், ஏணியின் கீழ்ப்படியில் ஒரு நிமிஷம் சாய்ந்தாலும் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுவார். வேலையை விட்டுவிடும்மா என்று நீயும் எத்தனையோ தடவை சொன்னாய். நான் விட்டால் என் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்பாள், அவ்வளவுதானே. எங்கள் பிரிவில் மின்னல் என்று ஒரு பெண், போர்வையை அவ்வளவு வேகமாக மடிப்பாள், அதனால் அந்தப் பெயர். இப்போது வயிற்றில் ஏழு மாதம். போன மாதம் ஒரு கஸ்டமருக்கு விரித்துக் காட்டும்போதே கண் இருட்டி அந்தப் போர்வை மேலேயே சரிந்துவிட்டாள். சூப்பர்வைசர் ஓடி வந்தார், தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “தண்ணி குடிச்சிட்டு சீக்கிரம் எழுந்து நில்லும்மா, கஸ்டமர் பாக்கறாங்க” என்றார். எனக்கு உச்சிவரை சுர்ரென்று ஏறியது. மறுநாள் மாடியில் வேலை பார்க்கும் நாங்கள் பதினோரு பேரும் முதலாளியிடம் போனோம், உட்கார ஆளுக்கொரு நாற்காலி வேண்டும் என்று கேட்டோம். அவர் கெட்டவர் இல்லையப்பா, வாரம் தவறாமல் நாம் எல்லோரும் போகும் அதே பிரார்த்தனைக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண் கலங்குகிறவர். ஆனால் “நீங்க நின்னாத்தாம்மா கடைக்கு மரியாதை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் கூடத்துக்குப் போனபோது நாங்கள் பதினோரு பேரும் உட்காரவில்லை. பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றோம். மின்னலை வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாட்டு முடிந்தது, நின்றோம். வாசிப்பு முடிந்தது, நின்றோம். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கூடத்துப் பெரியவர் புத்தகத்தை மூடிவிட்டு, “இடம் இருக்கே, ஏம்மா நிக்கறீங்க” என்று கேட்டார். யாராவது பேசுவார்கள் என்று பார்த்தால் பத்துப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். எப்படியோ சொல்லிவிட்டேன், “ஆறு நாளும் நிக்க வச்சுட்டாங்க ஐயா, ஏழாவது நாள் உட்கார வரல” என்று.

அப்போது கிறீச்சென்று ஒரு நாற்காலிச் சத்தம், யார் என்று பார்த்தால் உன் அப்பா! பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை நம் வாசலில் கொட்டினாலும் வாய் திறக்காத மனிதர், எழுந்து நின்றுகொண்டிருந்தார். அடுத்து எழுந்தது யார் தெரியுமா, முதலாளியின் மனைவி. பிறகு வரிசை வரிசையாகக் கூடமே எழுந்துவிட்டது. பெரியவர், “அப்ப இன்னைக்கு எல்லாரும் நின்னே கும்பிடுவோம்” என்று புத்தகத்தைத் திரும்பத் திறந்தார், அன்றைக்கென்று நீளமான பிரசங்கம். முதலாளி மட்டும் எப்படி உட்கார முடியும்? அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்தார், பிறகு தன் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அவர் மனைவி கூடத்துக்கே கேட்கும்படி, “அரை மணி நேரத்துக்கே இப்படியா” என்றாள். சிரிக்கக் கூடாத இடம், சிரித்துவிட்டோம். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து முடிக்கும்போது கண் துடைத்தார், இந்தத் தடவை அது வேறு கண்ணீர் என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் வண்டியில் நாற்காலிகள் வந்தன, முதுகு சாய்க்கிற நல்ல நாற்காலிகள், எங்கள் மாடிக்கு மட்டும் இல்லை, கடை முழுக்க. சூப்பர்வைசரே சுமந்து வந்து போட்டார், முகத்தைப் பார்க்கணுமே! முதல் நாற்காலியில் மின்னலை உட்கார வைத்தோம், வயிற்றில் கை வைத்துக்கொண்டு ராணி மாதிரி இருந்தாள். கீழ்த்தளத்தில் ஒருத்தி மட்டும் இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறாள், பயம் போகவில்லை, போகும். எதிர்க்கடைப் பெண்கள் வந்து எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்துப் போகிறார்கள். இருபது வருஷமாகக் கடவுளிடம் கால்வலியைப் போக்கு என்றுதான் கேட்டேனே தவிர, நாற்காலி கேட்கத் தோன்றவில்லை பார். அவருக்கும் இவ்வளவு நாள் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும்.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நாலு பேர் வாழ்த்த நல்லபடியாக இரு. கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. இன்னொன்று, மறந்துவிடாதே, உன் ஆபீஸ் வாசலில் காவலுக்கு நிற்பவர் உட்கார ஏதாவது இருக்கிறதா என்று நாளைக்கே பார், இல்லையென்றால் கேள், நீ என் பிள்ளை.

மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், சூப்பர்வைசர் கண்ணெதிரே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இதை எழுதி முடிக்கும்

உன் அம்மா