என் நாத்தனாரின் வலது கண் குறித்து

அனுப்புநர்:
திருமதி புஷ்பவல்லி ஜெயராஜ்,
பள்ளி வேன் ஓட்டுநர்,
தாமான் செந்தோசா, கிள்ளான்.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
மருந்தக அமலாக்கப் பிரிவு,
மாநிலச் சுகாதாரத் துறை, ஷா ஆலாம்.

பொருள்: கண் வறட்சிக்கென விற்கப்படும் ஆண்டி-ஆக்சிடன்ட் கேப்சூலை என் நாத்தனார் உடைத்துக் கண்ணில் விட்டுவருவது, பார்வை போகுமுன் நேரில் வந்து தடுக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு மலாயில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் குழப்பம் முழுவதும் தமிழில்தான் இருக்கிறது. ஆகவே தமிழில் எழுதி, என் மகள் இந்துஜா செய்த மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். சில இடங்களை அவள் நாகரிகம் கருதிச் சுருக்கிவிட்டாள்.

1. என் கணவரின் அக்கா தங்கமணி எங்களுடன் வசிக்கிறார். அவருக்கும் எனக்கும் ஒரே கண் உபாதை. மணல் விழுந்ததுபோல் உறுத்தும். எனக்குக் கூடுதலாகத் தண்ணீரும் கொட்டும். "வேன் ஆன்டி அழுதுகிட்டே ஓட்டுறாங்க" என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லப்போய், பெற்றோர் சிலர் என் கணவரை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினர். அவர் பாவம், என்னை அதட்டிக்கூடப் பேசாதவர்.

2. கண் மருத்துவர் பிரகலாதனிடம் இருவரும் சென்றோம். இருவருக்கும் கண் வறட்சி என்றார். தண்ணீர் கொட்டும் கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று கேட்டேன். கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்குமாம். அது குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து கண் எரியுமாம். எரிச்சல் தாங்காமல் கண் மேலும் தண்ணீரைக் கொட்டுமாம். தலையாட்டினேன். புரியவில்லை. சொட்டு மருந்து கொடுத்தார். ஆண்டி-ஆக்சிடன்ட் பற்றிக் கேட்டதற்கு, ஆய்வு நடக்கிறது, சிலருக்குப் பலன் தரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, கீரையும் மீனும் சாப்பிடுங்கள் என்றார்.

3. அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கேப்சூல் நிறுவனத்தின் கூட்டம். அக்காவின் தோழி எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். கண்ணுக்குள் துரு பிடிப்பதுதான் எல்லா நோய்க்கும் காரணம், ஆண்டி-ஆக்சிடன்ட் துருவை எடுக்கும் என்று மேடையில் பேசினார்கள். வீட்டுக்கு வந்து, அங்கே வாங்கிய பெட்டியைப் பிரித்தால் உள்ளே எண்ணெய்க் கேப்சூல். கூட இருந்த தமிழ் விளக்கத் தாளில் 'கண்ணுக்கு உகந்தது' என்று பெரிதாக இருந்தது. விழுங்கவும் என்று தமிழில் எங்கும் இல்லை.

4. ஐயா, எங்கள் வீட்டில் கண்ணுக்கு மருந்து என்றால் அது கண்ணில்தான் போகும். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எல்லாம் அப்படித்தான். மருத்துவர் எண்ணெய் குறைவு என்றார். நிறுவனம் துரு என்றது. லோரிப் பட்டறையில் வேலை செய்யும் என் கணவரோ, "துருவுக்கு எண்ணெய் விடுறது சரிதானே" என்றார். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. சேலை ஊசியால் கேப்சூலைக் குத்தி ஆளுக்கொரு சொட்டு விட்டுக்கொண்டோம். என் இரு கண்ணிலும், அதிகம் உறுத்திய அக்காவின் வலது கண்ணிலும்.

5. முதலில் குளுகுளுவென்று இருந்தது. பிறகு கண் சிவந்தது. நான் பயந்து மருத்துவரிடம் ஓடினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். நிறுத்தினேன், தேறினேன். அக்கா வர மறுத்துவிட்டார். கூட்டத்தில் பேசிய பெண்ணுக்கு அவர் ஃபோன் செய்தபோது, சிவப்பது நல்லது, நச்சு வெளியேறுகிறது என்று பதில் வந்ததாம். "நீ பாதியிலே நிறுத்திட்டே புஷ்பா, அதான் உனக்குப் பலிக்கலை" என்கிறார். நான் நாத்தனாருக்குப் புத்தி சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். என் கணவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்.

6. யார்மீது புகார் செய்கிறேன் என்று எனக்கே தெளிவில்லை. மருத்துவர் பொய் சொல்லவில்லை. கேப்சூலை விழுங்கினால் நல்லதோ என்னவோ, அதுவும் தெரியாது. கண்ணில் விடச் சொல்லி நிறுவனமும் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் கண் சிவந்த ஒருவரிடம் அது நல்லது என்று சொன்னார்களே, அது மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

7. நேற்றுக் காலை அக்கா எனக்குத் தேநீர் ஊற்றினார். பாதி கோப்பையில் விழுந்தது, பாதி மேசையில் ஓடியது. அவர் கவனிக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.

ஆகவே, தங்கள் அதிகாரி ஒருவரைச் சீருடையுடன் எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டுகிறேன். அக்கா என் பேச்சைக் கேட்கமாட்டார். சீருடைக்கு மரியாதை கொடுப்பார். அவரை அதட்ட வேண்டாம். ஏமாந்தவர்தான், எங்களைப்போல. முடிந்தால் தமிழ் பேசுபவராக அனுப்புங்கள். நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது தெரிந்தாலும் பரவாயில்லை.

வருகிற வெள்ளி, ஆடி முதல் வெள்ளி. அன்று கோயிலுக்குப் போய்வந்து, முன்னெச்சரிக்கையாக இடது கண்ணிலும் விடத் தொடங்குவதாக அக்கா சொல்லியிருக்கிறார். இடது கண்ணால் அவருக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஐயா. வியாழனுக்குள் வாருங்கள்.

இடம்: கிள்ளான்
நாள்: 14.7.2025

தங்களை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
புஷ்பவல்லி ஜெயராஜ்