உம்மாவின் கடவாய்ப்பல்லும் நோன்பு நேரத்துப் பஞ்சும்

மருதமுனை,
பெருநாள் கழிந்த இரண்டாம் கிழமை.

அன்பு மகன் ஹிஷாமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உம்மாவின் பல்லைத் தவிர. அதுவும் இப்போது சுகமாகும் பக்கம்தான் போகிறது. டோஹா வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். அதாவுல்லா லீவு முடிந்து அங்கே திரும்பி வருகிறான், உம்மா இடித்த மாசிக் கருவாட்டுச் சம்பலோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ குறுக்கே விழுவாய், நான் சத்தம் போடுவேன், உம்மா போனைப் பறிப்பாள். கடிதத்தில் குறுக்கே கதைக்க ஏலாது. தங்கச்சி றுமைஸா சோதனைக்குப் படிக்கிறாள், படிக்கிறேன் என்று சொல்கிறாள். ஜம்பு மரம் நிறையக் காய்த்தும் நமக்கு ஒன்றில்லை, வௌவாலுக்குத்தான் பெருநாள். இந்த வெக்கையில் கடை முழுக்கப் பழுதான பிரிஜ்கள், நிமிர நேரமில்லை.

சரி, பல். நோன்பு நடுவில் உம்மாவுக்குக் கீழ்க் கடவாய்ப்பல் குத்தத் தொடங்கியது உனக்குத் தெரியும். பகலில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்றே எடுத்தார், தட்டிப் பார்த்தார், நரம்பு செத்துவிட்டது, பல்லிலும் வெடிப்பு இருக்கிறது, பெருநாள் முடியக் கழற்றிவிடுவோம் என்றார். உம்மாவின் முகம் செத்துப் போனது. ஒன்றைக் கழற்றினால் பக்கத்துப் பல்லெல்லாம் ஆடும் என்பது அவள் பயம், சாச்சிக்கு அப்படித்தான் நடந்தது. இன்னொரு நாள் நோன்பு திறந்த பிறகு றுமைஸா அவளை ஒரு லேடி டொக்டரிடம் கூட்டிப் போனாள். அந்தப் பிள்ளை அதே படத்தைப் பார்த்துவிட்டு, ஆர் சொன்ன கழற்றச் சொல்லி, நரம்பு உயிரோட இரிக்கி, அடைச்சாப் போதும் என்றிருக்கிறாள். உன் பங்குக்கு நீயும் போனில் மூன்றாவது டொக்டராகி, புடுங்கி எறியச் சொல்லுங்க வாப்பா என்றாய். வாயைப் பொத்து என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்கிறேன்.

எனக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் கூடுதல். ஒரே பல், ஒரே படம், எப்படி ஒருவருக்குச் செத்ததும் மற்றவருக்கு உயிரோடும் இருக்கும்? இரண்டு பேரும் படித்தவர்கள். விசாரித்துப் பார்த்தால், நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்பது எக்ஸ்றேயில் தெரியாதாம்! சுவருக்குள் ஓடும் வயரைப் படம் பிடித்த மாதிரி, வயர் தெரியும், கரண்ட் வருகிறதா தெரியாது. அதற்கு மீற்றர் வைக்க வேண்டும். பல்லுக்கு மீற்றர் என்ன? குளிர் மருந்து அடித்த பஞ்சைப் பல்லில் வைத்து, கூசுதா என்று கேட்பதுதானாம். அப்படியென்றால் பல்லுக்கு மீற்றர் உம்மாவின் வாய்தான். உடனே அவளிடம் கேட்டேன், முதல் டொக்டர் பஞ்சு வைத்தாரா? ஓம், வெச்சார். கூசிச்சா? அவள் கறிச்சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் தரம் கேட்டதும், கூசாம என்ன, தலை உச்சி வரைக்கும் ஏறிச்சி, அந்தத் தண்ணி தொண்டைக்குள்ள இறங்கினா என்ட நோன்பு என்னாகிற, அதான் ஒண்டுமில்ல எண்டு சொன்ன, அவர் பஞ்சை எடுத்திட்டார் என்றாள். லேடி டொக்டரிடம்? அங்க நோன்பு திறந்துதானே போன, அல்லாஹ் எண்டு கத்தி அந்தப் பிள்ளைட கையைப் புடிச்சிட்டன். எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா தெரியவில்லை. விழுங்காவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளியில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால், விழுங்கமாட்டன் எண்டு நீங்க எழுதித் தருவீங்களா என்கிறாள்.

பெருநாள் முடிந்து முதல் டொக்டரிடமே திரும்பவும் போனோம். நான் நேராகவே சொன்னேன், சேர், உங்கட கணக்குச் சரி, இவ தந்த இலக்கம்தான் பிழை என்று. மனிசனுக்கு முதலில் முகம் கறுத்தது. பிறகு பஞ்சை வைத்தார். உம்மா போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்களில் ஒருவர் எழும்பி வீட்டுக்கே போய்விட்டார். பஞ்சை எடுத்ததும் கூச்சமும் போய்விட்டது, அதுதான் நல்ல அடையாளமாம். நோன்பு என்று ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டார். நீங்க கேக்கல்லையே சேர் என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றும் கதையை விட்டுவிட்டு, அடைத்துப் பார்ப்போம், வெடிப்பு வெடிப்புத்தான், சூடு பட்டு நெடுநேரம் நொந்தாலோ சும்மா இருக்கும்போது குத்தினாலோ உடனே வரவேண்டும் என்றார். பல் தப்புமா என்று இன்னும் அறுதியாகத் தெரியாது. ஆனால் இரண்டு டொக்டரும் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறார்கள், அது எனக்குப் போதும். அடைத்தாயிற்று. இப்போதைக்கு மற்றப் பக்கத்தால்தான் சாப்பிடுகிறாள்.

அதனால்தான் அவள் கண்ணில் பட்டதோ என்னவோ, போன வெள்ளி வீடியோவில் நீ ரொட்டியை ஒரு பக்கத்தால் மட்டும் மென்றாயாம். என்ன மனே என்று அவள் கேட்டதற்கு நீ சொன்னது எனக்கும் கேட்டது: ஒண்டுமில்ல உம்மா. அச்சொட்டாக அவள் பஞ்சுக்குச் சொன்ன அதே சொல். பெருநாளுக்குப் பிந்திய ஆறு நோன்பு பிடிக்கிறாய் என்று தெரியும், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். நோன்பு இல்லாத நாளாகப் பார்த்து ஒரு பல் டொக்டரிடம் போ. கூசினால் கூசுது என்று சொல், நொந்தால் நோகுது என்று சொல். பல்லுக்கு மட்டும் சொல்லவில்லை, வேலை கஷ்டமென்றாலும்தான். பிழையான இலக்கத்தை வைத்து எனக்கு ஒன்றும் திருத்த ஏலாது.

அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. மாசிச் சம்பலை அதாவுல்லாவுக்கும் கொடுத்துச் சாப்பிடு, இரண்டு பக்கத்தாலும்.

உன் வாப்பா,
ஜவுபர்.