சிவலைக்கு வைத்த புக்கை

2026 ஜனவரி 4, ஞாயிறு

இன்று சிவலை என் கையிலிருந்து வாழைப்பழத்தோல் வாங்கித் தின்றாள். வாளியிலிருந்து அல்ல, கையிலிருந்து!

ஆவணியில் வந்த மாடு இவள். இறைச்சிக்கென்று களவாக ஏற்றிப்போன லொறியைப் பொலிஸ் மறித்து, வைத்துப் பார்க்க ஆளில்லாமல் எங்களிடம் விட்டார்கள். ஒரு கொம்பு பாதி இல்லை. கயிறு கழுத்துத் தோலை அறுத்திருந்தது. ஆள் கிட்டப் போனால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போவாள். ஐந்து மாதம் நான் கொட்டிலுக்குள் சும்மா போய்ச் சும்மா வந்தேன்.

இவர் விறாந்தையில் நின்று பார்த்துவிட்டு, "இனி வாற சனத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டலாம், உதயா" என்றார். கோதாரி, இந்த மனிசனுக்கு எதைக் கண்டாலும் விருந்தாளி நினைப்புத்தான். சரி, எங்கள் விடுதிக்குச் சனம் வந்தால்தானே இதுகளுக்கு வைக்கல் வாங்கலாம். பிரான்சுக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள், வேள்விக்கு நேர்ந்து தப்பின இரண்டு கடாக்கள், இப்போது சினைமாடு. மாசிக் கடைசியில் கன்று போடுவாள் என்று தர்சிகா டொக்டர் சொன்னா.

ஜனவரி 11

கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு வட்டுக்கோட்டைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு மட்டும் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. ரொறன்ரோவிலிருந்து கீர்த்திகன் என்றொருவர் குடும்பத்தோடு வருகிறார். "அக்கா, பட்டிப்பொங்கலுக்கு மாட்டுக்குப் பொங்கல் புக்கை குடுக்கலாமோ? பிள்ளை ஒருநாளும் கண்டதில்லை" என்று கேட்டார். ஓம், வாங்கோ என்றேன்.

ஜனவரி 14

வந்துவிட்டார்கள். மகள் ஆரபிக்கு எட்டு வயது. வாய் ஓயாது. ஒவ்வொரு மிருகத்துக்கும் கதை கேட்டாள். நாய்களின் கதையைச் சொன்னதும், "அவை ஏன் நாயைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?" என்று கேட்டாள். தகப்பன் போனைப் பார்த்தார்.

பிறகு முழுக்கக் கொட்டிலடிதான். புது ஆள், சிவலை மிரளுவாள் என்று நினைத்தேன். மிரளவில்லை. பிள்ளை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அன்ரி, கன்டுக்குட்டிக்கு நான் பேர் வைக்கட்டோ?" என்றாள். வையம்மா என்றேன். மாம்பழமாம்! நல்ல பெயர்தான்.

ஜனவரி 15

பொங்கல். தூறல். அடுப்பு எரியாமல், விடுதியில் சமைக்கிற மக்டலீன் அக்கா எல்லாரையும் ஏசினா. "வேதக்காரி சமைக்கிறாள் எண்டு சூரியன் ஒளிச்சிட்டாரோ?" என்று அவவே கேட்டுச் சிரித்தா.

ஜனவரி 16, வெள்ளி

பட்டிப்பொங்கல். சிவலையைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டோம். அரைக்கொம்புக்கும் ஒரு பூச்சரம். நேற்றையதை விடப் பெரிய பானையில் மக்டலீன் அக்கா புக்கை பொங்கினா, சர்க்கரையும் பழமும் போட்டு. ஆளுக்கொரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். முதலில் நான். பிறகு இவர். பிறகு வந்த சனம் எல்லாரும். ஆரபி இரண்டாம் தரமும் ஓடிப்போய் வாங்கி வந்தாள். சிவலை எல்லார் கையிலும் தின்றாள். மூத்திரம் போகவில்லை, பின்வாங்கவில்லை, ஒவ்வொரு கையையும் நக்கினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இண்டைக்குத்தான் இவள் மனிசரை மன்னிச்சிருக்கிறாள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். கைதட்டினார்கள். இவ்வளவு சந்தோசமாக இருந்து கனகாலம்.

ஜனவரி 17

காலையில் வைக்கலைத் தொடவில்லை. படுத்தே கிடக்கிறாள். பல்லை நறநறவென்று கடிக்கிறாள். "அவ்வளவு சனத்தின்ரை கண் பட்டது, நாவூறுதான்" என்று இவர் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அதுவாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

மத்தியானம் ரொறன்ரோக்காரர் கொழும்புக்கு வெளிக்கிட்டார்கள். ஆரபி வந்து கழுத்தைத் தடவி, "அவவுக்கு நித்திரை வருது போலை" என்றாள். மாம்பழம் பிறந்ததும் வீடியோவில் காட்ட வேண்டுமாம். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வாகனத்தில் ஏறினாள்.

பொழுதுபடும் நேரமும் ஒன்றும் தின்னவில்லை. சனிக்கிழமை, டொக்டரை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று விட்டேன். வயிற்றில் பிள்ளையோடு வெறுவயிறாகக் கிடக்கிறாளே என்று அரிசிக்கஞ்சி காய்ச்சி, வாயைத் திறந்து பருக்கினேன். கொஞ்சம் விழுங்கினாள்.

ஜனவரி 18

எழும்பவே இல்லை. சாணி தண்ணீராகப் போகிறது, புளித்த மணம். கண் உள்ளே போய்விட்டது.

விடியவே தர்சிகா டொக்டருக்குப் போன் அடித்தேன். உடனே வந்தா. மணந்து பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"புக்கை குடுத்தனீங்களோ, அக்கா?"

"ஓம். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சந்தான்…"

"எத்தினை பேர்?"

"வந்த சனம் முழுக்க."

"புல்லுத் தின்னுற வயிறு, அக்கா. அவ்வளவு சோறும் சர்க்கரையும் உள்ளுக்கைப் புளிச்சு நஞ்சாப் போயிட்டுது. பட்டிப்பொங்கல் முடிஞ்சால் ஒவ்வொரு வருசமும் எனக்கு இதுதான் வேலை. பிறகும் ஏதும் குடுத்தனீங்களோ?"

"கஞ்சி."

அவ பையைத் திறந்தா. குழாய் விட்டா, அப்பச்சோடாத் தண்ணி ஊற்றினா, சேலைன் ஏற்றினா. போகும்போது வாசலில் மறித்துக் கேட்டேன்: கஞ்சி குடுக்காட்டித் தப்பியிருப்பாளோ? "தெரியாது, அக்கா. சொல்லேலாது."

ஜனவரி 19

விடிய முன்னம் செத்துப்போனாள்.

தலை என்ரை மடியிலை. அவள் அடங்கின பிறகும் வயிறு கொஞ்ச நேரம் அசைஞ்சது. நான் கையை வைச்சுக்கொண்டே இருந்தன். ஐயோ, என்ன செய்ய? கத்தி எடுத்து வெட்ட எனக்குத் தெரியுமோ? டொக்டருக்குப் போன் எடுக்கத் தோன்றவும் இல்லை. பிறகு அதுவும் நின்றிட்டுது.

லொறிக்காரன் கொண்டுபோயிருந்தால் ஒரு வெட்டு. நாங்கள் மாலை போட்டு, பொட்டு வைச்சு, மூண்டு நாள் வதைச்சுக் கொன்றிருக்கிறம்.

ஜனவரி 20

நேற்றுப் பெக்கோ மிசின் பிடித்துப் பின்வளவில் குழி வெட்டித் தாட்டோம். மக்டலீன் அக்கா செபம் சொன்னா. சமைத்தது தான் என்று அழுகிறா. பொங்கச் சொன்னது நான்தானே என்றால் கேட்கிறா இல்லை.

ஜனவரி 29

கீர்த்திகன் படம் அனுப்பியிருக்கிறார். ஆரபியின் உள்ளங்கையில் சிவலையின் நாக்கு. கீழே: மாம்பழம் வந்திட்டுதோ?

இவர் சொல்கிறார், பக்கத்து வளவுச் சிவப்பு மாடு போன கிழமை கன்று போட்டது, அதைக் காட்டுவோம் என்று. "சின்னப்பிள்ளைக்கு என்னெண்டு தெரியப்போகுது?"

"அவளுக்கு அரைக்கொம்பு தெரியும்" என்றேன். இரவு முழுக்க இவரோடு கதைக்கவில்லை.

பெப்ரவரி 3

இன்னும் பதில் போடவில்லை.

பெப்ரவரி 15

பிள்ளையே எடுத்துவிட்டாள். வீடியோ. தாயின் போன்.

"அன்ரி, சிவலையைக் காட்டுங்கோ."

சிவலை செத்துப்போச்சு என்று சொன்னேன். கன்றும். வேறெப்படிச் சொல்வது? அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, மெல்லிய குரலில் கேட்டாள்:

"நான் ரெண்டு தரம் குடுத்தனான். மாட்டுக்குச் சோறு கூடக் குடுத்தால் செத்துப்போகும் எண்டு வீடியோவிலை சொன்னவை. என்னாலையோ, அன்ரி?"

ஐயோ, அந்த முகம். எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு படுத்தாளோ? தாய்தகப்பனுக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

"இல்லையம்மா. உம்மாலை இல்லை. நீர் போன பிறகு நான் கஞ்சி காய்ச்சிப் பருக்கினனான். அதாலைதான் செத்தது."

"நீங்கள் மட்டுமோ?"

"ஓம். நான் மட்டுந்தான்."

"அவவுக்கு வருத்தம் எண்டு தெரியாதோ உங்களுக்கு? ஏன் குடுத்தனீங்கள்?" பிறகு கத்தத் தொடங்கினாள். இங்கிலீசும் தமிழும். நான் கூடாத ஆளாம். மிருகம் வளர்க்கக் கூடாதாம். தாய் வந்து போனைப் பறித்து நிறுத்தினா.

மார்ச் 8

கீர்த்திகன் இன்று கதைத்தார். அடுத்த தைக்கு அறை வேண்டாமாம். "குறை நினைக்காதேங்கோ, அக்கா. அந்த அன்ரி வீட்டை ஒருநாளும் வரமாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிற்கிறாள். உங்கடை பேரை எடுத்தாலே கோபம்."

பக்கத்தில் நின்று கேட்ட இவருக்குக் கொதி வந்துவிட்டது. "எல்லாருந்தானே புக்கை தீத்தினது! உள்ளதைச் சொல்லன்!" என்று போனைப் பறிக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"பிள்ளை சாப்பிடுறாளோ?" என்று கேட்டேன்.

"ஓம், அக்கா. முந்தி இஞ்சை திரும்பி வந்த புதிசிலை இரவிலை எழும்பி எழும்பி அழுவாள், ஏனெண்டும் சொல்லமாட்டாள். இப்ப ரெண்டு மூண்டு கிழமையா ஒரு சத்தமும் இல்லை. நல்லா நித்திரை கொள்ளுறாள்."